இரண்டு பிள்ளைக்கு ஒரு வண்டியா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு எது ஒத்துவரும்

மூத்தது நடக்கப் பழகி ஓட்டம் பிடிக்கிற வயது. அதற்குள் அடுத்தது பிறக்கப் போகிறது. இப்படி இருக்கிற வீடுகளில் இப்போதெல்லாம் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துத் தள்ளும் டபுள் ஸ்ட்ரோலர் பேச்சு அடிக்கடி வருகிறது. தருமபுரியில் இருக்கும் என் தங்கையும் இதைத்தான் கேட்டாள்: "அக்கா, ஆன்லைன்ல ஆஃபர் போட்டிருக்காங்க, வாங்கிடட்டுமா?" அவள் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது, இரண்டாவது பிரசவம் அடுத்த மாதம். நான் ஓசூரில் அடுக்குமாடியில் இருப்பவள். லிப்ட் வாசலில் எல்லா வகை வண்டியையும் பார்த்தாகிவிட்டது. அவளுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

யூடியூபில் வரும் ஒப்பீடுகளைப் பார்த்தால், இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டுமா, முன்னும் பின்னுமாக இருக்க வேண்டுமா என்றுதான் தொடங்குவார்கள். பெரும்பாலும் நல்ல நடைபாதை உள்ள நாட்டுக்காரர்கள் எடுத்த வீடியோக்கள் அவை. நமக்கு அந்தக் கேள்வி இரண்டாவதுதான். வண்டி எங்கே உருளப் போகிறது, யார் தள்ளப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது.

வண்டி போகும் இடம்

நம் பக்கம் குழந்தையோடு வெளியே கிளம்புவது என்றால் பெரும்பாலும் டூவீலர். முன்னால் பெரியது, பின்னால் அம்மா மடியில் சின்னது. ஸ்ட்ரோலருக்கு அதில் இடமே கிடையாது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை டூவீலரில் கூட்டிப்போனால் ஓட்டுபவரோடு சேர்த்துப் பூட்டும் பாதுகாப்பு பெல்ட் வேண்டும்; ஒன்பது மாதம் தாண்டியிருந்தால் ஹெல்மெட்டும் வேண்டும்; வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு ரோட்டில் நின்று பார்த்தால் இதையெல்லாம் யார் கடைப்பிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஸ்ட்ரோலருக்குக் காசு ஒதுக்கும் முன் அந்த பெல்ட்டை வாங்குங்கள் என்பேன். உங்கள் பிள்ளைகள் அதிகம் பயணம் செய்வது டூவீலரில்தான்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனால் ஒரு கையில் கைக்குழந்தை, மறு கையில் பெரியவள், மடித்த டபுள் வண்டி பதினான்கு கிலோ. அந்தப் படியில் எப்படி ஏறுவது? கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையமே இல்லை. தருமபுரிக்காரர்கள் சேலம், பெங்களூருக்கு ரயிலில் போகலாம். பிளாட்பாரம் வரைக்கும் வண்டி உதவும், பெட்டிக்குள் அதை மடித்து சீட்டுக்கு அடியில் தள்ளத்தான் வேண்டும். டபுள் வண்டி அங்கே நுழையாது.

மிச்சம் இருப்பது கார். டிக்கி எவ்வளவு என்று பாருங்கள். ஆல்டோ கே10-ல் 214 லிட்டர், வேகன்-ஆரில் 341 லிட்டர். எர்டிகா பெரிய வண்டிதான், ஆனால் மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் 209 லிட்டர்தான் மிஞ்சும். சி.என்.ஜி. போட்ட காராக இருந்தால் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். மடித்த டபுள் ஸ்ட்ரோலர் ஒரு பெரிய சூட்கேஸைவிட அதிக இடம் கேட்கும். அதை வைத்த பிறகு அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகும் அரிசி மூட்டையும் மாங்காய்க் கூடையும் மடியில்தான் வரும்.

அப்படியானால் எங்கேதான் தள்ளலாம்? ஓசூரில் தளி ரோடு, பாகலூர் ரோடு பக்கத்து அடுக்குமாடி வளாகங்கள், தார் போட்ட லேஅவுட் தெருக்கள். கிருஷ்ணகிரியில் கே.ஆர்.பி. அணைப் பூங்கா, அவதானப்பட்டி பூங்கா. பெரிய ஆஸ்பத்திரிகளின் வராந்தா, பெங்களூரு மால்கள். ஒகேனக்கல்லுக்கு எடுத்துப் போகவே வேண்டாம், பாறையும் படியுமாக இருக்கிற இடத்தில் குழந்தையோடு சேர்த்து வண்டியையும் தூக்க வேண்டிவரும். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக் கூட்டத்தில் ஒற்றை வண்டியே திணறும். கோயிலில் செருப்பு விடும் இடத்தோடு சரி.

மேலே சொன்ன நல்ல இடங்களில் ஏதாவது ஒன்றுக்கு வாரத்தில் மூன்று நான்கு முறையாவது போகிறவர் என்றால் தொடர்ந்து படியுங்கள். இல்லையென்றால் நேராக, குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியர் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

பக்கவாட்டு வண்டி, முன்பின் வண்டி

பக்கவாட்டு வண்டியில் இரண்டு சீட்டும் ஒரே வரிசையில் இருக்கும். தள்ளுவதற்கு இதுதான் சுலபம். எடை இரண்டு பக்கமும் பரவியிருப்பதால் திருப்பத்தில் முரண்டு பிடிக்காது, வேகத்தடையில் முன் சக்கரத்தைத் தூக்கிவைப்பதும் எளிது. இரண்டு பிள்ளைக்கும் ஒரே காட்சி என்பதால் "நான் முன்னாடி" என்ற சண்டையும் இல்லை. (வேறு சண்டை உண்டு.) ஒரு பிள்ளையை மட்டும் உட்காரவைத்தால் அந்தப் பக்கமாக இழுக்கும். அது போகட்டும், பெரிய பிரச்சினை அகலம்தான். பெரும்பாலானவை 70 முதல் 80 செ.மீ. வரை அகலம் உள்ளவை. பாத்ரூம் கதவு இரண்டரை அடி, அதாவது 76 செ.மீ. மூன்றடி அறைக் கதவிலும் நிலையையும் கதவின் தடிமனையும் கழித்தால் 80 செ.மீ. சுற்றித்தான் தேறும். சின்ன லிப்ட்களில் கதவு திறப்பு 70 அல்லது 80 செ.மீ. ஒரு செ.மீ. வித்தியாசத்தில் வண்டி கீழ்த்தளத்திலேயே நின்றுபோகும். ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு லிப்டுக்குப் போங்கள். கதவு முழுதாகத் திறந்த நிலையில் அளந்துகொள்ளுங்கள்.

தனி வீடாக இருந்தால் இன்னொன்று பாருங்கள். நம் ஊர் வீடுகளில் வாசல் படிக்கு ஒரு ஓரமாகப் பைக் ஏற்றுவதற்குச் சிமென்ட் சரிவு போட்டிருப்பார்கள். அது இரண்டடி அகலம் இருந்தால் அதிகம். பக்கவாட்டு வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் சரிவிலும் மறு பக்கச் சக்கரம் படியிலும் நிற்கும். தெருவில் சாக்கடை மேல் போட்ட கல் பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும், ஓரமாக நிறுத்திய பைக் வரிசையும் இந்த அகலத்துக்கு எதிரிகள்.

முன்பின் வண்டி ஒற்றை வண்டி அகலம்தான், சுமார் 60 செ.மீ. கதவு, லிப்ட், கடை வாசல் எதிலும் மாட்டாது. ஆனால் நீளம். லிப்டுக்குள் போனால் கதவு மூட வேண்டுமே, அதனால் ஆழத்தையும் அளக்க வேண்டும். எடையைக் கணக்குப் போடுங்கள்: வண்டி 14 கிலோ, பெரியவள் 11, சின்னது 5, ஆக 30 கிலோ, அதோடு டயப்பர் பையும் தண்ணீர் பாட்டிலும். பெரியவள் முன் சீட்டில் இருக்கும்போது ஒரு சின்ன மேட்டில் முன் சக்கரத்தைத் தூக்க, கைப்பிடியை உடம்பு எடை முழுக்கப் போட்டு அழுத்த வேண்டும். சிசேரியன் ஆன பெண்ணிடம் முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்பார்கள் டாக்டர்கள். அவள் இந்த வண்டியை மடித்து டிக்கியில் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

முன்பின் வகையில் இன்னொரு சங்கடம், இரண்டு சீட்டும் சமம் இல்லை. பல மாடல்களில் ஒன்று மட்டும்தான் முழுக்கச் சாயும். கைக்குழந்தை அதில்தான் படுக்க வேண்டும், அது பெரும்பாலும் பின் சீட்டு. முன் சீட்டைச் சாய்த்தால் பின்னால் இருப்பதன் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பெரியவள் தூங்கிவிட்டால் அவளையும் சாய்க்க முடியாது, தலை தொங்கும். பக்கவாட்டு வண்டியில் இந்தத் தொல்லை இல்லை, இரண்டையும் தனித்தனியாகச் சாய்க்கலாம். ஆனால் அங்கே பெரியவளின் கை சின்னதுக்கு எட்டும். கிள்ளுவாள் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தம்பிப் பாப்பாவுக்கு அன்பாக முறுக்கு ஊட்டிவிடுவாள். அதுதான் பயம்.

இந்த இரண்டில் ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்றால், லிப்ட் அகலம் ஒத்துவந்தால் பக்கவாட்டு வண்டிக்குத்தான் என் ஓட்டு. நம் ரோட்டில் தள்ளுவதற்கு எளிதாக இருப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

படுக்கும் சீட்டு எவ்வளவு நாளைக்கு?

கைக்குழந்தைக்குக் கழுத்து நிற்க நான்கு மாதம் போல ஆகும். தானாக உட்கார ஆறு மாதம். அதுவரை ஏறக்குறைய மட்டமாகப் படுக்கும் சீட்டுதான் வேண்டும். சாய்ந்த சீட்டில் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கி அடைபட வாய்ப்புண்டு. அழக்கூடச் செய்யாது என்பதுதான் இதில் ஆபத்து. பெட்டியில் "பிறந்த குழந்தை முதல்" என்று போட்டிருக்கிறார்கள் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். சீட்டை முழுக்கச் சாய்த்துப் பார்த்து, பக்கவாட்டிலிருந்து கோணத்தைக் கவனியுங்கள்.

ஆனால் இந்தத் தேவை நம் வீடுகளில் எவ்வளவு காலம் இருக்கிறது? பிரசவமானவள் அம்மா வீட்டில் இருப்பாள். முதல் மாதம் குழந்தையை வாசலுக்கே கொண்டுவர விடமாட்டார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது கழுத்து நின்றிருக்கும் அல்லது நிற்கும் தறுவாயில் இருக்கும். நடுவில் தவிர்க்க முடியாத பயணம் தடுப்பூசிதான்: 6, 10, 14 வாரங்களில். பெரியவளுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர் இருக்கிறது. அவளுக்கு இன்னும் போடாமல் இருந்தால் என் தங்கைக்கு இரண்டும் ஒரே நாளில்கூட அமையலாம். அன்றைக்கும் ஆட்டோவில்தான் போவார்கள், கூட அம்மா இருப்பார். இரண்டு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள்.

நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த ஆள் கணக்குக்குத்தான். டபுள் ஸ்ட்ரோலர் என்பது ஒரே ஒரு பெரியவர் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியாக வெளியே போக வேண்டிய வாழ்க்கைக்காகச் செய்யப்பட்ட பொருள். தருமபுரியில் என் தங்கை அப்படிப் போவதே இல்லை. அவள் மாமியார் விடமாட்டார், பக்கத்து வீட்டு அக்காவாவது கூட வருவார். ஓசூரில் என் மாடியில் இருக்கும் பெண்ணின் நிலைமை வேறு. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட், சொந்தபந்தம் எல்லாம் இருநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். சாயங்காலம் இரண்டு பிள்ளையையும் கீழே இறக்கிக் காற்று வாங்கவைக்க அவளுக்கு இருப்பது அவளுடைய இரண்டு கைகள் மட்டும்தான். அவள் டபுள் வண்டி வாங்கினால் அது ஆடம்பரம் இல்லை.

ஒற்றை வண்டியும் கேரியரும்

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இது: பெரியதுக்கு ஒரு இலேசான ஒற்றை ஸ்ட்ரோலர் (பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும்), சின்னதுக்கு நெஞ்சோடு கட்டும் துணிக் கேரியர். வண்டி ஆறேழு கிலோதான், ஒரு கையால் மடிக்கலாம், ஆட்டோவில் கால் வைக்கும் இடத்தில் நிற்கும். பெரியவள் நடக்கிறேன் என்று அடம்பிடித்தால் அந்த சீட்டில் காய்கறிப் பை உட்காரும். ஒன்று மட்டும், பையைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். பிள்ளை இறங்கிய நொடியில் வண்டி மல்லாந்துவிடும்.

கேரியர் கட்டுவதில் பிரிட்டனில் ஐந்து விதி சொல்வார்கள், நல்ல விதிகள். துணி உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும். குழந்தை முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். முதுகு தாங்கப்பட்டிருக்க வேண்டும். இதோடு கால்களையும் பாருங்கள். தொங்கவிடாமல், முட்டி இடுப்பைவிடச் சற்று மேலே, தவளை உட்காருவது மாதிரி இருந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. பல கேரியர்களுக்குக் குறைந்தபட்ச எடை மூன்றரை கிலோ போல இருக்கும். எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கும், சிசேரியன் ஆன அம்மாவுக்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். கேரியரில் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பது, டூவீலரில் ஏறுவது இரண்டும் கூடாது.

இதன் குறை வெயில்தான். ஏப்ரல், மே மாதத் தருமபுரி வெயிலில் இரண்டு உடம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் இருவருக்கும் வேர்த்துக் கொட்டும், குழந்தைக்கு வேர்க்குரு வரும். மெல்லிய பருத்தி அல்லது வலைத்துணி எடுங்கள், வெளியே போவதைக் காலை எட்டு மணிக்கு முன்னும் சாயங்காலம் ஐந்துக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவு இல்லை.

வெயில் என்றதும், ஸ்ட்ரோலர் மேல் துண்டு போட்டு மூடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் ஒரு ஸ்வீடன் நாளிதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டியில் 22 டிகிரி. மெல்லிய துணியால் மூடிய வண்டியில் அரை மணி நேரத்தில் 34, ஒரு மணி நேரத்தில் 37. அது ஸ்வீடன் வெயில். நம் வெயிலில் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கூரை உள்ள வண்டியாக எடுங்கள், காற்று போக வழி விடுங்கள், துணியால் சுற்றி மூடாதீர்கள். பக்கவாட்டு வண்டியில் இரண்டு கூரையும் தனித்தனியாக இழுபட வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் சில வழிகள் உண்டு. ஒற்றை வண்டிக்குப் பின்னால் மாட்டும் சக்கரப் பலகை ஒன்று கிடைக்கிறது. பெரிய பிள்ளை அதில் நின்றுகொண்டு வரும். நிதானமாக நிற்கும், சொன்னால் கேட்கும் பிள்ளைக்கு, அதாவது இரண்டரை வயதுக்கு மேல், அருமையான பொருள். அதற்குக் கீழே என்றால் நடுரோட்டில் குதித்து ஓடும். பின்னால் நிற்கவும் உட்காரவும் பலகை வைத்த டபுள் வண்டிகளும் அதே வயதுக்குத்தான். இரண்டு ஒற்றை வண்டி வைத்துக்கொள்வது யாருக்கும் தோன்றாத யோசனை, ஆனால் தள்ள இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அதைவிடச் சுலபம் இல்லை. ஆளுக்கு ஒன்று. பாட்டி ஒரு பக்கம் நிழலைப் பார்த்துப் போய்விடலாம்.

சக்கரம், வயது, காசு

எந்த வகை எடுத்தாலும் சக்கரத்தைப் பாருங்கள். ஐந்தாறு அங்குலப் பிளாஸ்டிக் சக்கரம் மாலில் வழுக்கிக்கொண்டு போகும், ஜல்லி பெயர்ந்த தெருவில் ஒவ்வொரு கல்லிலும் நிற்கும். காற்றடைத்த பெரிய சக்கரம் குலுக்கலைத் தாங்கும், ஆனால் கருவேல முள் குத்தினால் பஞ்சர். நம் ஊரில் அது ஒரு குறையே இல்லை, சைக்கிள் கடை எந்த முக்கிலும் இருக்கிறது. பன்னிரண்டு அங்குலச் சக்கரம் என்றால் குழந்தைகள் சைக்கிள் டியூபே பொருந்த வாய்ப்புண்டு. தேய்ந்துபோன பிளாஸ்டிக் சக்கரத்துக்குத்தான் மாற்று கிடைக்காமல் அலைய வேண்டும்.

வயதைப் பொறுத்தவரை, பல வண்டிகளில் ஒரு சீட்டுக்கு 15 கிலோ வரை என்று இருக்கும். ஐரோப்பியத் தர விதியும் சாதாரண வண்டிகளுக்கு அந்த அளவைத்தான் சொல்கிறது, 22 கிலோ வரையுள்ளவற்றுக்குத் தனிப் பகுதி வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதுப் பெண் குழந்தையின் நடுமட்ட எடை 13.9 கிலோ, பையனுக்கு 14.3. ஆக எடைக் கணக்கில் மூன்று, மூன்றரை வயது வரை ஓடும். மனக் கணக்கில் அவ்வளவு ஓடாது; இரண்டரை வயதுக்கு மேல் பல பிள்ளைகள் உட்காரவே மறுக்கும். இரண்டு வயது முடிந்தால் அங்கன்வாடிக்கும் போகத் தொடங்கிவிடும். எனவே மூத்த பிள்ளைக்கும் அடுத்ததுக்கும் ஒன்றரை வயதுக்குள் இடைவெளி என்றால் டபுள் வண்டிக்கு வேலை இருக்கும். இரண்டரைக்கு மேல் என்றால் வேண்டவே வேண்டாம். என் தங்கை மாதிரி நடுவில் இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள். சின்னது வெளியே வரத் தொடங்கும்போது அவள் மகளுக்கு இரண்டு வயது தாண்டியிருக்கும். கூடிப்போனால் அரை வருடம், முக்கால் வருடப் புழக்கம்.

ஒற்றை வண்டி 5,000 ரூபாய் சுற்றிலும், கேரியர் 2,000 சுற்றிலும் கிடைக்கிறது. டபுள் வண்டி சுமாரானதே 15,000-ஐத் தொடும், வெளிநாட்டுப் பிராண்ட் என்றால் பல மடங்கு. அரை வருடத்துக்கு அவ்வளவு போடுவதற்குப் பதில் பழையது பாருங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புதுசு கலையாத டபுள் வண்டிகள் பாதி விலைக்கும் கீழே கைமாறுகின்றன, வாடகைக்கும் கிடைக்கின்றன.

தங்கைக்கு நான் சொன்னது ஒற்றை வண்டியும் கேரியரும். அவள் வீட்டில் பழைய வண்டி பரணில் இருக்கிறது. பெல்ட்டைத் துவைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டால் ஓடும். ஆஃபர் முடிகிறதே என்று கொஞ்சம் வருத்தம்தான் அவளுக்கு. என் மாடிப் பெண்ணுக்குச் சொன்னது பக்கவாட்டு வண்டி, 74 செ.மீ. எங்கள் லிப்ட் கதவு 80.

பழையது வாங்கப் போனால் வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். இரண்டு சீட்டிலும் பத்துக் கிலோ அரிசிப் பை ஒவ்வொன்று வைத்து, சரிவில் நிறுத்தி பிரேக் போட்டுப் பாருங்கள். மடிக்கிற இடத்தில் பூட்டு இரண்டு பக்கமும் விழுகிறதா, தோளுக்கும் இடுப்புக்கும் காலிடுக்குக்கும் வரும் பெல்ட் ஐந்து முனையும் சேர்ந்து மாட்டுகிறதா, பிள்ளை விரல் நசுங்கும்படி இடுக்கு ஏதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.